ஹாரன் அடித்தால்

நான் போய்ச் சேர்வதற்குள் பிரபுவின் மூக்கை உடைத்துவிட்டிருந்தார்கள். அவனுடைய காரின் பின்கதவில் அவனைச் சாய்த்து, ஒருவன் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தான். குத்துகிறவனுக்குக் கை வலித்தால் அடுத்தவன் முன்னால் வந்தான். ரேஷன் கடையில் நிற்பதைவிட ஒழுங்காக வரிசையில் நின்றார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். எனக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை, எரிச்சல்தான். ஒருத்தனை அடிக்க இத்தனை பேர் எதற்கு?

பங்குனி மாதத்து மத்தியானம். சம்பா அறுத்த வயலில் விதைத்த உளுந்தைப் பிடுங்கி, காய்ந்த செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் நெற்று வெடித்து உளுந்து உதிரும். ஆள் வைத்துத் தடியால் அடிக்கிற வேலை மிச்சம். அந்தப் பரப்புக்கு நடுவே இரண்டு கோடாகத் தார் தெரிந்தது. பிரேக் பிடித்த கார் உளுந்தில் வழுக்கிக்கொண்டு போன தடம் அது. தடம் முடிகிற இடத்தில் ஒரு ரப்பர் செருப்பும், செடி புரட்டுகிற கவட்டைக் கம்பும் கிடந்தன. சுற்றிலும் ரத்தம் செடியில் ஊறிக் கறுத்துக்கொண்டிருந்தது.

அடிபட்டவர் அம்சவல்லியக்கா. ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தஞ்சாவூருக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மகள் கனிமொழி கூடப் போயிருந்தாள். புருஷன் மருதையன் வயலிலிருந்து ஓடி வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பைக்கில் பின்னாலேயே கொண்டுபோய் விடுகிறோம் என்று இரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் போகவில்லை. இதை முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம். வேறு எவனாக இருந்தாலும் பெண்டாட்டி பின்னால் ஓடியிருப்பான். மருதையண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒருத்தனுடைய தாடையை உடைத்துவிட்டு, போலீஸ் வருகிறவரைக்கும் அதே மடையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர்.

நான் ரெங்கசாமி. ஒரத்தநாடு ரோட்டில், எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் கார் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். மருதையண்ணன்தான் எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். சாமான்களை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னாராம். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை.

ஹாரனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வண்டிக்காரன் பிரேக் லைட் எரியாமல் ஒரு வருஷம் ஓட்டுவான், இண்டிகேட்டர் உடைந்தால் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுவான், ஹாரன் அடிக்கவில்லை என்றால் மட்டும் அன்றைக்கே என் கடை வாசலில் வந்து நிற்பான். காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நெல்லோ உளுந்தோ ரோட்டில் புரட்டுகிறவர்கள் யாரும் வண்டி வருகிறதா என்று நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருப்பார்கள். வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான், அடித்தால் ஒதுங்கிக்கொள்ளலாம். வண்டிக்காரனும் வேகத்தைக் குறைக்க மாட்டான். அடித்தால் ஒதுங்கப்போகிறார்கள், எதற்குக் குறைப்பது? இப்படி இரண்டு தரப்பும் ஒரு சத்தத்தை நம்பி உயிரை ஒப்படைத்திருக்கிறோம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என் வீட்டில் உலை கொதிப்பதும் அந்தச் சத்தத்தால்தான்.

பிரபு பக்கத்து ஊர்ப் பையன், வாடகைக் கார் ஓட்டுகிறவன். காலையில் ஒரு குடும்பத்தைத் திருவாரூரில் இறக்கிவிட்டு, இதே ரோட்டில் திரும்பி வந்திருக்கிறான். அம்சவல்லியக்கா குனிந்து செடி புரட்டுவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். ஹாரனை அமுக்கியிருக்கிறான். சத்தம் வரவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறான். அப்புறம்தான் பிரேக்கில் கால் வைத்திருக்கிறான். உளுந்து சிதறிக் கிடந்த ரோட்டில் சக்கரம் நிற்குமா? இதைத்தான் மூக்கில் ரத்தம் ஒழுகச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல இன்னும் இரண்டு குத்து விழுந்தது.

மருதையண்ணனின் தம்பி மதிவாணன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பையன் போன் பேசிக்கொண்டே வந்து ஏற்றிவிட்டான், ஹாரனே அடிக்கவில்லை, ஏற்றிய பிறகு கீழே இறங்கிக் காரின் முன்னால் குனிந்து ஒயரைப் பிடுங்கிவிட்டான் என்றான் அவன். தான் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னான். பையன் குனிந்தது அக்காவை வெளியே இழுக்கத்தான் என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். அவளைப் பின்னால் தள்ளினார்கள்.

மருதையண்ணன் கையில் உளுந்து அடிக்கிற தடி இருந்தது. அடித்துக்கொண்டிருந்தவர்களை அவர்தான் விலக்கினார். இரக்கப்பட்டு இல்லை. பையனின் தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, கூட்டத்துக்கு எல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்.

“ரெங்கசாமி இப்ப பாக்கப்போறான். ஹாரன் அடிக்கலன்னா, இவன் சொன்னது நெசம். போலீசு பாத்துக்கட்டும். ஹாரன் அடிச்சா, இவன இந்த எடத்துலயே முடிச்சுடுறேன். இது எம் பொஞ்சாதி மேல சத்தியம்.”

அவர் சொன்னால் செய்வார். கார் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்தால், ஒரு உயிரைத் தூக்கி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். யாராவது போலீசுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லியாயிற்று, வருகிறார்கள் என்றார்கள். வருகிறவர்கள் வரட்டும் என்று பானெட்டைத் திறந்தேன்.

பையனை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்து, சாவியைத் திருகி ஹாரனை அமுக்கச் சொன்னேன். அமுக்கினான். சத்தம் இல்லை. மதிவாணன் சிரித்தான். பிடுங்கிவிட்டால் எப்படி அடிக்கும் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. இப்போது இவர்களுக்குத் தெரிய வேண்டியது ஹாரன் அடிக்கவில்லை என்பது இல்லை, எப்போதிலிருந்து அடிக்கவில்லை என்பது.

முதலில் பியூஸைக் கழற்றினேன். நன்றாக இருந்தது. மருதையண்ணனிடம் நீட்டிக் காட்டினேன். அவர் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்தது ரிலே. ஹாரனை அமுக்கினால் கரண்டைத் திறந்துவிடுகிற சின்னப் பெட்டி, அவ்வளவுதான். அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். பையனை அமுக்கச் சொன்னேன். விரலுக்கு அடியில் அது டிக்கென்று துள்ளியிருக்கும். அவர் என்னைப் பார்த்தார்.

“என்னது இது?”

“அவன் அமுக்குறது இதுவரைக்கும் வருதுண்ணே. இதுக்கு அங்குட்டுத்தான் ஏதோ அந்துருக்கு.”

இன்னொரு தடவை அமுக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. அந்தக் கட்டைவிரலை அவர் எடுக்கவே இல்லை. பையன் உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டே அமுக்கிக்கொண்டிருந்தான். யாரோ திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் காதோடு சேர்த்து ஒரு அறை விட்டார்கள். மருதையண்ணன் தடியை ஓங்கியதும் அந்தக் கை வெளியே வந்தது.

ஹாரன் இருப்பது ரேடியேட்டருக்கு முன்னால், கீழே, பம்பருக்குப் பின்னால். மேலிருந்து கையை நுழைத்துத் தடவினேன். ஹாரனின் முனையில் ஒயர் இல்லை. கிளிப் மட்டும் மொட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்தே மதிவாணன் கத்தினான், பிடுங்கியிருக்கிறான் பாருங்கள் என்று. கூட்டம் ஒரு எட்டு முன்னால் வந்தது. வாய்க்கால் கரையிலிருந்து இன்னும் ஆட்கள் இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வயல் வேலையைப் போட்டுவிட்டு, அரிவாளும் கையுமாக. என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டிருந்தது.

கீழே படுத்துப் பார்த்தால்தான் ஒயர் என்ன ஆனது என்று தெரியும் என்றேன். மருதையண்ணன் அதற்கு முன்னால் ஒன்று கேட்டார். ஹாரன் உள்ளுக்குள்ளேயே செத்துப்போயிருக்குமா, ஒயரில்தான் கோளாறா என்று. நியாயமான கேள்விதான். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். சொல்லிவிட்டு அவர் காதுக்குப் பக்கத்தில் போய் இன்னொன்றும் சொன்னேன்.

“அண்ணே, நான் நேரா கரண்டு குடுக்கறேன். சத்தம் வரும். வந்தா ஹாரன் நல்லாருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அவன் பொய் சொன்னான்னு அர்த்தம் இல்ல. புரியுதா?”

புரிகிறது என்று தலையாட்டினார். கூட்டத்தைப் பார்த்தும் சொன்னேன். முன்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். பேட்டரியில் ஒரு முனையை மாட்டி, இன்னொரு முனையை உள்ளே நுழைத்து ஹாரனில் தொட்டேன்.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். பையன் ஆசைப்பட்டுப் பெரிய ஹாரனாக மாட்டி வைத்திருந்தான். வாய்க்கால் கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பின. நான் ஒயரை எடுப்பதற்குள் பின்னாலிருந்து வந்தவர்கள் ஓலமிட்டார்கள். ஹாரன் அடிக்குதுடா, பொய் சொல்லியிருக்கான்டா என்று ஒரு குரல். ஒரு கல் வந்து முன்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி முழுக்க விரிசல் ஓடியது. அடுத்த கல் என் தோளில்.

கதவைத் திறந்து பையனைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவன் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ரோட்டில் விழுந்ததும் மிதிக்க ஆரம்பித்தார்கள். செருப்புக் கால், வெறுங்கால், ஒரு பூட்ஸ் கால்கூட இருந்தது. அவன் உளுந்துச் செடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு முழங்காலை வயிற்றோடு இழுத்தான். வாயிலிருந்து ஒரு பல் விழுந்ததை நான் பார்த்தேன். கையில் இருந்த ஸ்பேனரால் எனக்குப் பக்கத்தில் நின்றவன் முழங்காலில் அடித்தேன். அவன் என் கூடப் படித்தவன். அவன் திருப்பி என் வாயில் குத்தினான்.

மதிவாணன் கையில் கடப்பாரை இருந்தது. எங்கிருந்து எடுத்தான் என்று தெரியவில்லை. பையனைப் பார்த்து ஓங்கியவனை யாரோ இடித்ததில் அடி தவறி, பம்பருக்கு மேலே காரின் முகப்பில் இறங்கியது. என் கைக்கு ஒரு சாண் தள்ளி. முகப்பு உடைந்து உள்ளே போனது. ஹாரன் தட்டையாகி, தாங்கிய பட்டையோடு கழன்று தரையில் விழுந்தது. அவன் மறுபடி ஓங்கினான்.

“அண்ணே, அடிச்சிடுச்சுல்ல? நீ சத்தியம் பண்ணிருக்க. நீ ஒதுங்கு, நான் முடிக்கிறேன்.”

மருதையண்ணன் ஒதுங்கவில்லை. பையனுக்கும் தம்பிக்கும் நடுவில் காலை அகட்டி நின்றார். ஹாரனை அடிக்கச் சொன்னது நான்தான், அது வேற கரண்டு என்று கத்தினார். கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. கடப்பாரை மேலே போனது. அவர் தடியை வீசினார். தம்பியின் முழங்கைக்குக் கீழே விழுந்தது. காய்ந்த மட்டையை முறிக்கிற சத்தம் கேட்டது. கடப்பாரை ஒரு பக்கம் விழ, மதிவாணன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. அத்தனை பேரையும் அடித்தார். பெண்டாட்டியை ஏற்றியவனை அடிக்க வந்தவர்களை, அவருக்காகத்தான் வந்தவர்களை, சித்தப்பன் மகன், பங்காளி, பக்கத்து வயல்காரன் என்று பார்க்காமல் அடித்தார். ஒருவனுக்குக் காது கிழிந்தது. ஒருவன் வாய்க்காலில் விழுந்தான். அரிவாளோடு வந்தவன் ஒருத்தன் நின்று யோசித்துவிட்டு, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டான். சண்டையை நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கூட்டம் பின்னால் போனது.

பையனை இழுத்துப் பின்சீட்டில் போட்டு, ஜன்னல்களை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மருதையண்ணனுக்கு மூச்சு வாங்கியது. தடியால் தரையைத் தட்டிக் காட்டினார்.

“கீழ படுத்து என்ன இருக்குன்னு பாரு.”

காருக்கு அடியில் நுழைந்தேன். அடிப்பக்கம் மூடியிருக்கிற பிளாஸ்டிக் மறைப்பு பாதி உடைந்து போயிருந்தது. சக்கரத்தைச் சுழற்றுகிற ஆக்ஸிலில் உளுந்துச் செடி சுருணையாகச் சுற்றிக் கிடந்தது, கயிறு திரித்த மாதிரி இறுக்கமாக. கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தேன். அதற்கு நடுவில் இருந்தது ஹாரன் ஒயர். பாதியில் அறுந்து, செம்புக் கம்பி பிதுங்கி, செடியோடு செடியாகப் பல சுற்றுச் சுற்றியிருந்தது. கையால் பிடுங்கினால் ஒயர் கிளிப்போடு கழன்று வரும். இது ஓடுகிற வண்டி இழுத்து அறுத்தது. பிரேக் பிடித்து வழுக்கிய சக்கரம் இத்தனை சுற்றுச் சுற்றியிருக்காது. காலையில் இதே ரோட்டில் போகும்போது செடி மாட்டி, ஒயரையும் சேர்த்து இழுத்திருக்கிறது. பையனுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

சுருணையை அப்படியே கொண்டுவந்து மருதையண்ணன் காலடியில் போட்டேன். நெற்று இன்னும் ஒன்றிரண்டு வெடிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து எடுத்துப் பார்த்தார். யார் பரப்பிய உளுந்து என்று யாரும் கேட்கவில்லை. மதிவாணனுடையதுதான். வழக்கமாக ரோட்டில் பாதியை வெறுமையாக விட்டு, ஒரு பக்கத்தில் மட்டும்தான் பரப்புவோம். இந்தத் தடவை அவன் சீக்கிரம் மிதிபடட்டும் என்று முழு ரோட்டையும் மூடியிருந்தான்.

“அம்சு காலையிலயே சொல்லிச்சு, பாதிய விடுன்னு,” என்றாள் முன்பு பையனுக்காகப் பேசிய அதே பெண். மதிவாணன் தலையைத் தூக்கவில்லை. அவன் ஏன் அவ்வளவு வெறியோடு கடப்பாரையைத் தூக்கினான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பையன் மேல் தப்பு இல்லை என்றால் தப்பு யார் மேல் வரும் என்று அவனுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. அவனை மிதிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. கை முறிந்து கிடந்தான், விட்டுவிட்டேன்.

போலீஸ் இன்னும் வந்து சேரவில்லை. கூட்டமும் கலையவில்லை. சுருணையைப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பார்க்காதவர்கள் பின்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அடி வாங்கியவர்களுக்கு அந்தக் கோபம் வேறு. கல்லைக் கீழே போடாமல் நிறையப் பேர் நின்றார்கள்.

அப்போது மருதையண்ணனின் போன் அடித்தது. கனிமொழி. நான் பக்கத்தில் நின்றதால் அவள் குரல் எனக்குக் கேட்டது. வார்த்தை கேட்கவில்லை. வார்த்தை தேவைப்படவும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சரிம்மா, அப்பா வரேன் என்று சொல்லி போனைப் பையில் வைத்தார்.

மதிவாணன் கீழேயிருந்து கேட்டான், அண்ணிக்கு எப்படி இருக்கு என்று. கூட்டம் முழுக்க அவர் வாயைப் பார்த்தது.

“இருக்கா,” என்றார் சத்தமாக.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சில பேர் கல்லைக் கீழே போட்டார்கள். ஒரு பெண் கும்பிட்டாள். அவர் திரும்பிக் காரின் பின்கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடி வழியாகப் பையனைப் பார்த்தார். பையன் சீட்டில் சுருண்டு கிடந்தான். தடியைப் பிடித்த கை இறுகி, நரம்பு புடைத்து, மேலே வந்தது. நான் நடுவில் போக நினைத்தேன், போகவில்லை. என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு நான் பயந்ததில்லை. கை அப்படியே நின்றது. அப்புறம் கீழே இறங்கியது. என் பக்கம் குனிந்து, உதடு மட்டும் அசைகிற மாதிரி பேசினார்.

“போயிட்டா. வழியிலயே போயிட்டாளாம். யாருகிட்டயும் சொல்லாத, தெரிஞ்சா இவன விடமாட்டானுவ. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிடு. நான் மனசு மாறுறதுக்குள்ள கொண்டுபோயிடு.”

சாவியைத் திருகினேன். நல்லவேளை, கிளம்பியது. விரிசல் விட்ட கண்ணாடியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. முன்னால் ஆட்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வழி கேட்க ஹாரன் இல்லை. பழக்கத்தில் கை ஸ்டியரிங்கை அமுக்கத்தான் செய்தது.

மருதையண்ணன் காருக்கு முன்னால் போய் நடக்க ஆரம்பித்தார். தடியை ரோட்டில் தட்டித் தட்டி, வெலகு, வெலகு என்று கத்தினார். விலகாதவன் காலில் தடி விழுந்தது. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒருவன் மறித்தான். போலீசுக்கு என்றார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளிவிட்டு நடந்தார். நான் முதல் கியரில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சட்டை கிழிந்து, முதுகில் யாரோ கீறிய ரத்தம் வேர்வையில் கரைந்து இறங்கியது.

கூட்டம் முடிந்தது. அவர் நிற்கவில்லை. அங்கிருந்து மெயின்ரோடு வரைக்கும் அடுத்த தெருக்காரர்களின் உளுந்து கிடந்தது. பெண்கள் முதுகைக் காட்டிக் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வயலில் கதிரடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு இங்கே நடந்த அடிதடி எதுவும் காதில் விழவில்லை. எங்கள் வண்டி வருவதும் விழவில்லை. அவர் ஒவ்வொருத்தியிடமும் போய்க் கத்தினார். வெலகும்மா, வண்டி வருது, வெலகு. நிமிர்ந்து பார்த்தவர்கள் அவர் கோலத்தைப் பார்த்துப் பயந்து ஒதுங்கினார்கள். குரல் உடைந்துவிட்டிருந்தது. அந்தக் கத்தலில் பாதி அழுகை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

ஆம்புலன்ஸில் ஏற்றியதைப் பார்த்திருந்த ஒருத்தி மட்டும் கேட்டாள், அம்சுக்கு ஒன்றும் இல்லையே அண்ணே என்று. ஒன்றும் இல்லை, நீ ஓரமாப் போ என்றார்.

மெயின்ரோட்டில் ஏறியதும் காரின் பக்கவாட்டில் ஒதுங்கி, பானெட்டில் கையால் தட்டி, போ என்று சைகை காட்டினார். ஏறுங்கள், ஒரத்தநாட்டில் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். இவனோடு ஒரே வண்டியில் உட்கார என்னால் முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம். ஒரத்தநாட்டுப் பக்கம் திரும்பினேன். அவர் ரோட்டோரத்தில், வெயிலிலேயே, தடியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரம் போன பிறகு பின்சீட்டில் அசைவு தெரிந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். ஒரு கண் மூடிக்கொண்டு வீங்கியிருந்தது. உதடு கிழிந்திருந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை. இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

“அந்தக்கா பொழச்சிட்டாங்களாண்ணே? அதனாலதான் அவரு என்ன விட்டாரா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அடி வாங்கிக் கிடக்கிற பையன், ஸ்டேஷன் வரைக்குமாவது நிம்மதியாக வரட்டும் என்று நினைத்தேன். ஆனால் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனை நினைத்தபோது பொய் சொல்ல வரவில்லை. அவர் செய்தது இன்னதென்று ஒருத்தனுக்காவது தெரிய வேண்டும்.

“இல்லப்பா. அவங்க செத்துட்டாங்க,” என்றேன். “அது தெரிஞ்சுதான் உன்ன விட்டாரு.”

ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்ட பிறகும் அவன் இறங்கவில்லை. உள்ளே போய் ஆளைக் கூட்டிவந்துதான் அவனை இறக்கினோம்.